பென்சிலில் எழுதிய தேதி

2023 ஜூலை 26, புதன்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு எங்கள் ஓசூர் மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையைத் திறந்தேன். அலமாரியில் தொங்கவிட்டிருந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, நுனி சரியாக வளைகிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்தேன். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கிகள் நான்கும் கொக்கியில் இருந்தன. ஏழரைக்கு டாக்டர் வந்தார். பெங்களூரிலிருந்து வரும் மயக்க மருந்து டாக்டர் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டு எட்டேகாலுக்கு வந்தார். அன்று ஆறு கேஸ். நான்கு பித்தக்குழாய்க் கல், ஒன்று கணையக் கட்டி, ஒன்று ஸ்டென்ட் மாற்றம். இரண்டு மணிக்குச் சாப்பிட்டேன், எலுமிச்சைச் சாதம். நான்கரைக்கு அறையைக் கழுவிப் பூட்டினேன்.

இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. இருபத்தொன்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் எழுதி வருகிறேன். அன்றைய பக்கத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று. பதினொன்று பத்துக்கு, மூன்றாம் கேஸ் முடிந்து நான்காம் கேஸ் தொடங்கும் முன், ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். எழுதிவைக்கும் அளவுக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

முதுகு ஒத்துழைக்காமல் சென்ற ஆண்டு வேலையை விட்டேன். அந்த அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், இந்தச் சிகிச்சையில் வரக்கூடிய சிக்கல்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். குடலில் துளை விழுந்த கேஸ், ரத்தம் நிற்காத கேஸ், கணையம் வீங்கிய கேஸ் எல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றைப் புத்தகத்திலும் படிப்பீர்கள், பெரியவர்களும் சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைப்பது ஒரு சிக்கலை மட்டும்தான். அது அந்த அறைக்குள் நடக்கவில்லை. தொலைபேசி மேசையில் நடந்தது.

முனிராஜுக்கு வயது நாற்பத்திரண்டு. பாகலூர் பக்கத்துக் கிராமம். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டு மெஷின் ஓட்டியவர். ஈரல் கெட்டுப்போய்ப் பெங்களூரில் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஈரலில் பாதியைக் கொடுத்தவர் அவருடைய தங்கை மஞ்சுளா. கெலமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மாமியார் வீட்டில் வேண்டவே வேண்டாம் என்றார்களாம். இவர் கேட்கவில்லை.

இப்படி உயிரோடு இருப்பவரிடமிருந்து பாதி ஈரல் வாங்கிப் பொருத்தும்போது, பித்தக்குழாயை ஒட்டவைத்த இடம் பிறகு சுருங்கிப்போவது உண்டு. முனிராஜுக்கும் சுருங்கியது. வாய் வழியாகக் குழாயை இறக்கி, சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்துப் பித்தத்துக்கு வழிசெய்ய வேண்டும். அந்த ஸ்டென்ட் நாளாக ஆக அடைத்துக்கொள்ளும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதியது வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெங்களூருக்கு அலைய முடியாது என்று அங்குள்ள டாக்டர்கள் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை எங்களைவிட முனிராஜ் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். மே மூன்றாம் தேதி ஸ்டென்ட் மாற்ற வந்தபோது, கையில் ஊசி ஏற்றும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

"இது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்தானே சிஸ்டர்? எங்க மெஷின்லயும் மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபில்டர் மாத்தறோம். மாத்தலைன்னா சத்தமே இல்லாம ஜாம் ஆயிடும்."

"பேசாம படுங்க. பி.பி. ஏறுது பாருங்க."

"உள்ள இருக்கறது இவளோட பார்ட்டு. வாரண்டி கார்டும் இவகிட்டதான். அதான் போற எடமெல்லாம் கூட்டிட்டு வர்றேன்" என்று தங்கையைக் காட்டினார்.

"வாய் மட்டும் உன்னோடதுதான். அதை மாத்தறதுக்கு ஆளே கெடைக்கல" என்றார் மஞ்சுளா.

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். அடுத்த தேதி ஆகஸ்ட் 2, புதன்கிழமை. ஸ்டென்ட் ரெஜிஸ்டரில் எழுதினேன். பென்சிலில் எழுதினேன்.

ஏன் பென்சில் என்று சொல்ல வேண்டும். ஓசூரில் நிச்சயதார்த்தத்துக்கே ஷிப்ட் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். எங்கள் நோயாளிகளில் பாதிப்பேர் தொழிற்சாலைக்காரர்கள். நாங்கள் ஒரு தேதி கொடுப்போம், அந்த வாரம் காலை ஷிப்ட் என்று வராமல் இருந்துவிடுவார்கள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு வரவே மாட்டார்கள். ஸ்டென்டை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு கழித்து வந்தவர்கள் உண்டு. அதனால் நானே ரெஜிஸ்டரில் 'ஷிப்ட்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். தேதியைப் பென்சிலில் எழுதுவது, நோயாளி தொலைபேசியில் கேட்டால் அவருடைய ஷிப்டுக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பது. இது நன்றாகவே வேலை செய்தது. வராதவர்கள் வரத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் டாக்டர் அந்த ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டுவார். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜூலை 26 அன்று வந்த அழைப்பு இது.

"சிஸ்டர், நான் மஞ்சுளாங்க. கெலமங்கலம். முனிராஜோட தங்கச்சி."

"சொல்லும்மா."

"அண்ணனுக்கு ரெண்டாந்தேதி டியூப் மாத்தணும்னு சொல்லியிருந்தீங்க. கம்பெனியில ஆடிட்டுங்க சிஸ்டர். வெளிநாட்டுக்காரங்க வர்றாங்களாம். மெஷின் ரெக்கார்டெல்லாம் இவருதான் எடுத்து வெக்கணுமாம். ரெண்டு வாரத்துக்கு லீவுங்கற பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டாங்களாம். நீயே கேட்டு சொல்லுன்னு என்னைய கோத்து வுட்டுட்டாரு."

"ஆடிட் எப்ப முடியுது?"

"பத்தாந்தேதிங்க."

"அப்ப பதினாறு, புதன்கிழமை வரச் சொல்லு. வெறும் வயித்தோட."

"சரிங்க சிஸ்டர். அப்புறம் சிஸ்டர், அண்ணனுக்கு நாலஞ்சு நாளா ராத்திரியானா உடம்பெல்லாம் அரிக்குதாம். வேர்வையா இருக்கும்ங்கறாரு."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லைங்க."

"குளிர், நடுக்கம்? வயித்து வலி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் சாப்பிடறாரு."

"அப்ப பயமில்ல. காய்ச்சல் வந்தா உடனே கூப்பிடு."

ஆகஸ்ட் 2 என்பதை ரப்பரால் அழித்துவிட்டு ஆகஸ்ட் 16 என்று எழுதினேன். நான்காம் கேஸை உள்ளே கொண்டுவந்தார்கள். எழுந்து போனேன்.

பித்தக்குழாய்க் கல் நோயாளிக்கு ஸ்டென்ட் அடைத்தால் காய்ச்சல் கொளுத்தும், கட்டிலே ஆடும் அளவுக்கு நடுங்குவார், வலியில் கத்துவார். ஆளே வந்து நின்றுவிடுவார். ஈரல் மாற்றியவர் அப்படி இல்லை. புது ஈரலை உடல் எதிர்க்காமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகள், கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடுகின்றன. காய்ச்சல் வராமலே சீழ் பிடிக்கலாம். பொருத்திய ஈரலின் நரம்புகள் அறுபட்டிருப்பதால் வலியும் தெரியாமல் போகலாம். பித்தம் தேங்குகிறது என்பதற்கு அவர்களிடம் தெரியும் முதல் அடையாளம் சில நேரம் வெறும் அரிப்புதான். இது எனக்குத் தெரியாததல்ல. பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குச் சொன்ன விஷயம். ஆனால் தொலைபேசியை எடுத்ததும் என் வாய், நூறு கல் நோயாளிகளிடம் கேட்ட கேள்வியைக் கேட்டது. இல்லை என்ற பதில் வந்ததும் என் மனம் அடுத்த கேஸுக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 9, புதன்கிழமை. பதினொன்றரை மணிக்குத் தொழிற்சாலை ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கூட வந்த முதலுதவிக்காரர் இறங்கும்போதே சொன்னார்.

"ஃபீவர் இல்லைங்க மேடம். லோ பி.பி. மாதிரி இருக்குது. ஆடிட்டுன்னு காலைல இருந்து சாப்பிடாம ஓடிட்டே இருந்தாரு, அதான் ஒக்காந்துட்டாரு."

முனிராஜின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடம் பழுத்த வாழைப்பழத் தோலின் நிறத்தில் இருந்தது. முழங்கையிலும் கழுத்திலும் நகம் கீறிய கோடுகள். சில புதியவை, சில பொருக்குத் தட்டியவை. கம்பெனிச் சட்டையின் பையில் பேனாவும் அளவுகோலும் அப்படியே இருந்தன. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சிஸ்டர், இன்னிக்கு பதினாறுங்களா?" என்று கேட்டார்.

காய்ச்சல் பார்த்தேன். இயல்பான அளவு. ரத்த அழுத்தம் எண்பதைத் தாண்டவில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் டாக்டர் எடுத்த முடிவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர். அந்த நேரத்துப் போக்குவரத்தில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. மயக்க மருந்து டாக்டரோ, இந்த அழுத்தத்தில் மயக்கம் கொடுக்க முடியாது, அனுப்பிவிடுங்கள் என்றார். எங்கள் டாக்டர் பெங்களூருடன் பேசினார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"உள்ள சீழ் இருக்கு. அதோட அனுப்பினா வழியிலயே போயிடுவார். மருந்து ஓடட்டும், திரவம் ஓடட்டும். எனக்குப் பதினஞ்சு நிமிஷம் குடுங்க. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

மயக்கம் கொடுக்காமல், தொண்டையை மட்டும் மரக்கச் செய்து குழாயை இறக்கினார். பழைய ஸ்டென்டைப் பிடித்து இழுத்ததும் திரையில் பார்த்தோம். அதன் வாய் கருப்புக் களிமண் அப்பியதுபோல் அடைத்திருந்தது. அது வெளியே வந்ததும் பின்னாலேயே சீழ் வந்தது. நான் பழக்கத்தில், சுருக்கத்தை விரிக்கும் பலூனை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம்மா. இன்னிக்கு சரி பண்ண வரல. வழி விட்டா போதும்" என்றார் டாக்டர்.

படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் சாய மருந்தையும் அவர் செலுத்தவில்லை. செலுத்தினால் அது தள்ளும் வேகத்தில் கிருமி ரத்தத்துக்குள் இன்னும் போகும். ஒரே ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே வந்தார். பதினோரு நிமிடம். கைத்திறன் உள்ளவருக்கு முழுதும் செய்து முடிக்கத்தான் கை பரபரக்கும். பாதியில் நிறுத்தத் தெரிந்த ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். அது என் அதிர்ஷ்டம்.

இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. பெங்களூருக்கு அனுப்பினோம். தகவல் கேட்டு வந்திருந்த முனிராஜின் மனைவியும் மஞ்சுளாவும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

ஈய அங்கியைக் கழற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார். "ரெண்டாம் தேதி ஏன் வரல?"

"கம்பெனியில ஆடிட்டாம் சார். பதினாறுக்கு மாத்திக் கேட்டாங்க."

"அப்ப ஏதாவது தொந்தரவு இருக்குன்னு சொன்னாங்களா?"

"காய்ச்சல் இல்லைன்னாங்க சார்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. முனிராஜ் இறந்துவிட்டார் என்று பெங்களூரிலிருந்து காலை எட்டு மணிக்குத் தகவல் வந்தது. ஈரலுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் ஏற்கெனவே பரவியிருந்தனவாம். டைரியில் ஒரு வரி எழுதினேன். பிறகு ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 16 என்ற எண்ணுக்கு அடியில், அழித்த 2 மங்கலாகத் தெரிந்தது. வேறு எந்தத் தடயமும் எங்கும் இல்லை. அன்று அந்த மேசையருகில் வேறு யாரும் இருக்கவில்லை. ஒரு மாதம் வழக்கம்போல் வேலைக்குப் போனேன், வழக்கம்போல் எழுதினேன்.

செப்டம்பர் 6, புதன்கிழமை. மூன்று மணிக்குக் கடைசிக் கேஸ் முடிந்து வெளியே வந்தால், மஞ்சுளா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாராம். அண்ணனின் சிகிச்சை விவரத் தாள் கம்பெனிக்கு வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"இந்தப் பேப்பர அண்ணனோட பையனே வந்து வாங்கியிருப்பான் சிஸ்டர். நான் உங்களைய ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்."

"கேளும்மா."

"அன்னைக்கு ஃபோன்ல, அரிப்பு இருக்குதுன்னு உங்ககிட்ட சொன்னனா நான்?"

அவரே தொடர்ந்தார்.

"அண்ணி கேக்கறாங்க. நீ சொல்லியிருந்தா அவங்க ஒடனே வரச் சொல்லியிருப்பாங்க, நீ ஆடிட்ட மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டங்கறாங்க. அரிப்ப அண்ணி என்கிட்டதான் சொன்னாங்க, ஆஸ்பத்திரியில கேளுன்னு. எங்க மாமியார் வீட்டுல, ஈரலையும் குடுத்துட்டு ஆளையும் வுட்டுட்டியேங்கறாங்க. எனக்கு சொன்ன மாதிரிதான் இருக்குது. ஆனா திரும்பத் திரும்ப யோசிச்சா, சொல்லணும்னு நெனச்சுட்டே வெச்சுட்டனோன்னும் இருக்குது. ஒரு மாசமா இதேதான் ஓடிட்டிருக்குதுங்க. உங்களுக்கு எல்லாமே எழுதி வெக்கற பழக்கம்னு அண்ணன் சொல்லுவாரு. அதான் உங்களக் கேட்டா தெரியும்னு வந்தேன்."

'ஞாபகம் இல்லையேம்மா.' இரண்டே சொல். அவை என் நாக்கில் வந்து நின்றன. நாளுக்கு இருபது பேர் அழைக்கிறார்கள், ஒரு நர்சுக்கு எல்லாம் நினைவிருக்க வேண்டியதில்லை. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தலையாட்டிவிட்டுக் கெலமங்கலம் பஸ் ஏறியிருப்பார். சொல்லாமல் விட்டோம் என்ற எண்ணத்தோடே மீதி நாளைக் கழித்திருப்பார். வலது விலாவுக்குக் கீழே அவ்வளவு பெரிய தழும்போடு.

"நீ சொன்னம்மா" என்றேன். "நாலஞ்சு நாளா ராத்திரியில அரிக்குதுன்னு சொன்ன. வேர்வையா இருக்கும்ங்கறாருன்னும் சொன்ன. நான்தான் காய்ச்சல் இருக்கான்னு கேட்டேன். இல்லன்னதும் விட்டுட்டேன். அன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும். டாக்டர்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடும்மா."

மஞ்சுளா அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப சொல்லிட்டேன்" என்றார். சற்றுக் கழித்து, "சொல்லிட்டேன்" என்று மறுபடியும் சொன்னார்.

பிறகு கைபேசியை எடுத்து அண்ணியை அழைத்தார். "அண்ணி, ஆஸ்பத்திரியில இருக்கறேன். சிஸ்டர் பேசறாங்க, கேளுங்க" என்று என்னிடம் நீட்டினார். அதே வார்த்தைகளை முனிராஜின் மனைவியிடமும் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

கைபேசியை வாங்கிக்கொண்டு மஞ்சுளா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. ரெண்டாந்தேதி தாண்டினதும், ஃபில்டர் மாத்தற நாள் போயிருச்சேன்னு சொல்லிட்டே இருந்தாரு. சிஸ்டரே தேதி குடுத்திருக்காங்க, பேசாம இருன்னு நான்தான் அடக்குனேன்."

நான் கேட்ட மன்னிப்புக்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

டாக்டரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அன்னிக்கு உங்களைக் கேட்டேனே."

"கேட்டீங்க சார். காய்ச்சல் இல்லைன்னு மட்டும் சொன்னேன்."

ஜூலை மாதமே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு ஆறுதலாக எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

"எழுதிக் குடுங்க. இன்னிக்குத் தேதி போட்டு" என்றார். நான் கதவருகே போனதும், "அந்த ஷிப்ட் கட்டத்தை ஊரெல்லாம் காட்டிக்கிட்டிருந்தது நான்தான். அதையும் எழுதுங்க" என்றார்.

ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். டைரியில் ஜூலை 26 பக்கத்தைத் திறந்து, 'எலுமிச்சைச் சாதம்' என்ற வரிக்கு அருகே, ஓரத்தில் இருந்த இடத்தில், விடுபட்ட அழைப்பை எழுதினேன். எழுதிய நாளையும் பக்கத்தில் குறித்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழு மணிக்கு அறையைத் திறந்ததும் குழாய்களைத் தொடவில்லை. ரெஜிஸ்டரை எடுத்து ஈரல் மாற்றியவர்களைத் தேடினேன். நான்கு பேர் இருந்தார்கள். நான்கு தேதிகளின்மேலும் பேனாவால் எழுதினேன். ஷிப்ட் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டேன். பிறகு முதல் பெயருக்குரிய எண்ணை அழைத்தேன். நாகரசம்பட்டிக்காரர், மாந்தோப்பு வைத்திருப்பவர். அவர் மனைவிதான் எடுத்தார்.

"என்னங்க சிஸ்டர், இத்தன காலைல? எங்களுக்குத் தேதி இன்னும் இருக்குதுங்களே."

"இருக்கும்மா. அவருக்கு உடம்பு அரிக்குதா? சிறுநீர் மஞ்சளா போகுதா? கண்ணை வெளிச்சத்துல வெச்சுப் பாத்தீங்களா?"

"பாக்கலைங்களே. இருங்க, இதா பாத்துட்டு வர்றேன்."

"ஏனுங்க, செத்த வெளிய வாங்க, வெயிலுக்கு" என்று அவர் கணவரைக் கூப்பிடுவது கேட்டது. காய்ச்சல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவர் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.